புனையா ஓவியமும் புனைந்த ஓவியமும்: பத்துமலைக் காட்சிப்படம் ஒன்றின் கணினிவழி நிறைவாக்கம்

முன்னுரை

பாடநூல்களிலும் பயிற்றுத் துணைப்பொருள்களிலும் இடம்பெறும் படங்களைப் பாடத்திற்கு அழகூட்டும் அணிகளாக மட்டும் கருதுவது நம்மிடையே பெருவழக்காக உள்ளது. படத்தின் கீழுள்ள உரையைப் பலமுறை திருத்தும் நாம் படத்தைத் திருத்துவது அரிது. ஆயினும் மாணவர் நினைவில் நெடுநாள் நிற்பது பெரும்பாலும் படமே என்பதை வகுப்பறைப் பட்டறிவு உடைய ஆசிரியர் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் காண நேர்ந்த பயிற்றுப்படம் ஒன்றில், தம்புசாமிப் பிள்ளை பத்துமலையின் அடிவாரத்தில் நின்று குகைவாயிலை நோக்கும் காட்சி தீட்டப்பட்டிருந்தது. அவருக்குப் பின்னே பொன்னிற முருகன் சிலை நின்றது. பல வண்ணப் படிகள் மேலேறின. பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு தொடங்கியது 1891ஆம் ஆண்டு. 42.7 மீட்டர் உயரச் சிலை திறக்கப்பட்டது 2006ஆம் ஆண்டு சனவரியில். படிகள் பல வண்ணம் பெற்றது 2018ஆம் ஆண்டில். படத்தில் வரைவுக் குறை ஏதும் இல்லை. ஒளியும் நிழலும் செவ்வனே அமைந்திருந்தன. குறை காலத்தில் இருந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி ஒரே பரப்பில் மடிந்து கிடந்தது.

இத்தகைய படங்கள் இன்று பெரும்பாலும் கணினியில் உருவாகின்றன. முப்பரிமாண உருமாதிரி ஒன்றைக் கணினி படமாக்கித் தர, அப்படத்தின்மீது பிற படிமங்களை அடுக்கி, இறுதியாகக் கையால் வண்ணம் தீட்டி ஓவியர் அதனை நிறைவு செய்கிறார். இம்முறையை விளக்குவதும், பத்துமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆசிரியர் அத்தகைய படத்தை எவ்வாறு மதிப்பிடலாம் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொற்கள்

பயிற்றகங்களிலும் அச்சகங்களிலும் ரெண்டர், லேயர், மாஸ்க் என்னும் சொற்களே வழங்குகின்றன. விளக்க வசதி கருதி இக்கட்டுரையில் ரெண்டர் என்பதைக் காட்சியாக்கம் என்றும், லேயர் என்பதை அடுக்கு என்றும், மாஸ்க் என்பதை மறைப்பு என்றும் குறிப்போம். பல படிமங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே படமாக்குவதை அடுக்கிணைப்பு என்றும், அதன்மீது தூரிகைக் கருவியால் தீட்டுவதை மேல்வண்ணம் என்றும் வழங்குவோம்.

இலக்கியம் பயின்றோர்க்கு இங்கு ஒரு பழஞ்சொல் நினைவிற்கு வரும். வண்ணம் பெறாது கோட்டளவில் நின்ற ஓவியத்தைப் புனையா ஓவியம் எனும் சொல்லால் நெடுநல்வாடையும் மணிமேகலையும் குறிக்கின்றன. கோட்டுருவம் ஒரு நிலை, வண்ணம் புனைவது மற்றொரு நிலை எனும் தெளிவு அச்சொல்லிலேயே அமைந்துள்ளது. கணினி தரும் காட்சியாக்கத்தை நாம் இக்காலப் புனையா ஓவியம் எனக் கொள்ளலாம். அதில் நிறம் உண்டு. எனினும் ஓவியரின் தெரிவு இன்னும் அதனுள் புகவில்லை.

காட்சியாக்கம் தருவதும் தாராததும்

காட்சியாக்கத்தின் அடிப்படை எளிது. மலை, படி, மரம், மாந்தர் ஆகியவற்றின் வடிவங்கள் கணினியில் எண்களாக அமைக்கப்படுகின்றன. ஒளி எங்கிருந்து வருகிறது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பனவும் எண்களாகத் தரப்படுகின்றன. பின்னர், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் பொருள் தெரியும், அதன்மேல் எவ்வளவு ஒளி படும் என்பதைக் கணினி கணக்கிடுகிறது. ஏ4 அளவுத் தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் 2480 × 3508 புள்ளிகள் தேவை. ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகளுக்கு இக்கணக்கு நிகழ்கிறது. இப்பணிக்குரிய பிளெண்டர் எனும் மென்பொருள் 2002ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைப்பதால், பள்ளி ஆசிரியரும் பொருட்செலவின்றி இதில் ஈடுபட இயலும்.

காட்சியாக்கத்தின் வலிமை அளவிலும் ஒளியிலும் உள்ளது. 42.7 மீட்டர்ச் சிலையின் முன் 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நின்றால், அவர் சிலையின் ஏறத்தாழ 27இல் ஒரு பங்கே இருப்பார். கண்ணளவில் வரைவோர் மாந்தரைப் பெரிதாக்கிச் சிலையைச் சிறிதாக்குவது இயல்பு. கணினி அப்பிழையைச் செய்வதில்லை.

ஒளியும் அவ்வாறே. பத்துமலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 3.2 பாகையில் அமைந்தது. தைப்பூசம் வரும் சனவரி இறுதியில் சூரியன் வான நடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 19 பாகையில் இருக்கும். ஆகவே, நண்பகலிலும் அது தலையுச்சிக்குத் தெற்கே 22 பாகை சாய்ந்தே நிற்கும். மலையின் தென்பக்கத்தில் படிகள் அமைந்திருத்தலின், தைப்பூசக் காலத்து நண்பகலில் அவை ஒளியை முகத்தில் ஏற்கின்றன. சூன் மாதத்திலோ சூரியன் தலையுச்சிக்கு வடக்கே, மலையின் பின்புறமாகச் சாய்ந்திருக்கும். தைப்பூசப் படத்தில் சூன் மாதத்து நிழல் விழுந்தால் அது பிழையே. இடமும் நாளும் நேரமும் தந்தால் கணினி இப்பிழையைத் தவிர்க்கும்.

இனி, காட்சியாக்கம் தாராததை நோக்குவோம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் புவிப்பரப்பின் பெரும்பகுதியை ராடார் கொண்டு அளந்தது. அவ்வளவையிலிருந்து பெறப்பட்ட உயரத் தரவு, ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம் எனும் கட்டங்களாக யாவர்க்கும் கிடைக்கிறது. நிலத்தோற்றங்களை உருமாதிரியாக்க விரும்புவோர் இத்தகைய தரவிலிருந்தே தொடங்குவர். அதனைக் கொண்டு பத்துமலையை அமைத்தால் இரண்டு குறைகள் தோன்றும். 30 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு உயரங்களைக் கணினி சரிவால் இணைப்பதால், செங்குத்தான சுண்ணாம்புப் பாறைமுகம் மண்மேடு போல் சாய்ந்துவிடும். இஃது ஒன்று. உயரத் தரவு ஓர் இடத்திற்கு ஓர் உயரத்தை மட்டுமே கூறும். மேலே பாறை, கீழே வெற்றிடம், அதற்கும் கீழே தரை எனும் அமைப்பைக் கூறும் ஆற்றல் அதற்கு இல்லை. இது மற்றொன்று. எளிதாகச் சொன்னால், உயரத் தரவு குகையை அறியாது. எந்தக் குகைவாயிலின் வேல் போன்ற வடிவம் தம்புசாமிப் பிள்ளையை ஈர்த்ததாகக் கூறப்படுகிறதோ, அந்த வாயிலே கணினியின் முதற்படத்தில் இருக்காது.

ஆகவே, மேல்வண்ணம் என்பது முடிந்த படத்திற்குப் பூசும் மெருகன்று. கணக்கு எட்டாத இடத்தில் ஓவியரின் அறிவு புகும் வழி அதுவே. அதே வழியாகத்தான் பிழையும் புகுகிறது.

அடுக்குகளும் கலப்பும்

ஒளிப்படத்தின்மீது வண்ணம் தீட்டுவது நமக்குப் புதிதன்று. இந்திய ஒளிப்பட நிலையங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே கறுப்பு வெள்ளைப் படங்களின்மீது கையால் நிறமேற்றினர். இராசத்தானத்து நாத்துவாரா ஓவியர், வழிபடுவோரின் முகத்தை ஒளிப்படத்திலிருந்து வெட்டி, தீட்டிய உடல்மீது ஒட்டிப் படம் செய்தனர். திரைப்படத் துறையில் 1907ஆம் ஆண்டில் நார்மன் டான் என்பவர், இடிந்த கட்டடத்தின் முன் கண்ணாடித் தகடு ஒன்றை நிறுத்தி, இல்லாத பகுதியை அதன்மேல் தீட்டி, இரண்டையும் ஒருசேரப் படம்பிடித்தார். இன்றைய அடுக்குமுறையின் கருவை இம்மூன்றிலும் காண்கிறோம்.

கணினியில் இதனைக் கணக்காக்கியது ஆல்பா எனும் கருத்தாகும். 1970களின் பிற்பகுதியில் ஆல்வி ரே சுமித்தும் எட் கேட்மலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்துடன் அதன் அடர்வையும் சேர்த்து வைக்கும் முறையை வகுத்தனர். 1984ஆம் ஆண்டில் தாமசு போர்ட்டரும் டாம் டஃபும் அடுக்கிணைப்பிற்குரிய விதிகளைக் கட்டுரையாக வெளியிட்டனர். ஃபோட்டோஷாப் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் அடுக்குகள் இடம்பெற்றது 1994ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்.

இவ்விதிகளுள் முதன்மையானதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பாறையின் ஒளியளவு 100 என்க. அதன்மேல் இடும் மூடுபனியின் ஒளியளவு 200. அடர்வு நான்கில் ஒரு பங்கு, அதாவது 0.25. மேலடுக்கிலிருந்து 200 × 0.25 = 50 கிடைக்கும். எஞ்சிய 0.75 பங்கு வழியே கீழடுக்கு 100 × 0.75 = 75 தெரியும். இரண்டின் கூட்டுத்தொகையாகிய 125 கண்ணுக்குப் புலனாகும். அடர்வு 1 ஆயின் கீழடுக்கு முற்றும் மறையும். 0 ஆயின் மேலடுக்கு இருந்தும் இல்லாததாகும்.

வேறு இரு கலப்பு முறைகளையும் ஓவியர் மிகுதியாகக் கையாள்வர். பெருக்கல் முறையில், 0 முதல் 1 வரையான ஒளியளவுகள் தம்முள் பெருக்கப்படும். 0.8 எனும் பாறைமீது 0.5 எனும் நிழலை இட்டால் 0.4 கிடைக்கும். எனவே, இது நிழலுக்கும் மழைநீர்க் கறைக்கும் ஏற்றது. திரை முறையில் இருள் அளவுகள் பெருக்கப்படும். அதே எண்களுக்கு இருள் 0.2 × 0.5 = 0.1, ஆகவே ஒளி 0.9. இது விளக்கொளிக்கும் குகையின் மேற்றிறப்பு வழியே இறங்கும் கதிருக்கும் ஏற்றது.

இவற்றைப் பயன்படுத்த, காட்சியாக்கத்தை ஒரே படமாகப் பெறாமல் பல பகுதிகளாகப் பிரித்துப் பெறுதல் வேண்டும். அடிநிறம் தனியே, விழுநிழல் தனியே, இடுக்குகளில் தேங்கும் மெல்லிருள் தனியே, தொலைவு தனியே, ஒவ்வொரு பொருளின் எல்லை தனியே எனக் கணினி தரும். இவற்றுள் தொலைவுப் படிமம் மிகுந்த பயனுடையது. அருகிலுள்ளவை கறுப்பாகவும் தொலைவிலுள்ளவை வெளுப்பாகவும் அமைந்த அதனை மூடுபனி அடுக்கிற்கு மறைப்பாக வைத்தால், பனி மலையுச்சியில் அடர்ந்தும் முன்னுள்ள மாந்தர்மீது மெலிந்தும் தானே படரும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் மலைகள் காலையில் மங்கித் தோன்றுவதை இவ்வாறு இயல்பாகக் காட்டலாம்.

மேல்வண்ணம் தீட்டும் முறை

அடுக்கிணைப்பு முடிந்த நிலையில் படம் சரியாக இருக்கும். ஆனால் உயிர்ப்பின்றி இருக்கும். பாறையின் மேற்பரப்பிற்கு இட்ட ஒரே மாதிரிப் படிமம் சுவர்த்தாள் போல் திரும்பத் திரும்ப வரும். எல்லா விளிம்புகளும் ஒரே கூர்மையுடன் நிற்கும். நிழல்கள் தூய கறுப்பாக இறங்கும்.

ஓவியர் முதலில் செய்ய வேண்டியது பெரும்பரப்புகளின் ஒளி இருள் ஒழுங்கைச் சரிசெய்தல். படத்தைச் சிறிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் நோக்கினால், கண் முதலில் எங்குச் செல்கிறது என்பது புலப்படும். அடுத்து விளிம்புகள். பார்வை நிற்க வேண்டிய இடத்தில் கூர்மையும் பிற இடங்களில் மென்மையும் தரப்படும். மூன்றாவதாகப் பொருளின் இயல்பு. சுண்ணாம்புப் பாறையில் நீர் வழிந்த இடமெல்லாம் கருங்கோடுகள் செங்குத்தாக இறங்கும். பிளவுகளில் செடிகள் தொற்றி வளரும். இவற்றை ஒளிப்படங்களை நோக்கிக் கையால் தீட்டும்போது சுவர்த்தாள் தன்மை மறைகிறது. இறுதியாக, படம் முழுவதற்கும் பொதுவான மெல்லிய நிறச்சாயலும் நுண்பரலும் ஏற்றப்பட்டு, வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த பகுதிகள் ஒருமை பெறுகின்றன.

மேல்வண்ணத்தில் ஓவியர் சிலவற்றை விட்டுவிடவும் நேரும். இன்றைய பத்துமலைப் படிகள் 272. படத்தில் படிக்கட்டின் உயரம் 800 புள்ளிகள் எனில், ஒரு படிக்கு மூன்று புள்ளிகூடக் கிடைக்காது. கணினி 272 படிகளையும் வரைய, அவை ஒன்றோடொன்று மயங்கிப் பொய்யான அலைக்கோடுகள் தோன்றும். ஓவியர் முன்னுள்ள சில படிகளைத் தெளிவாகக் காட்டி, மேலுள்ளவற்றைத் தூரிகையால் குறிப்பாக உணர்த்துவார். இங்கு எண்ணிக்கை குறைந்தது பிழையன்று. எண்ணிப் பார்க்கும் மாணவர்க்குப் படத்தின் கீழ் எண்ணைத் தருவதே முறை.

ஓர் ஆசிரியையின் வினா

இம்முறையைப் பயிலும் நோக்கில் நாம் ஒரு படத்தை உருவாக்க முற்பட்டோம். 1930ஆம் ஆண்டளவில், தைப்பூசக் காலைப் பொழுதில் பத்துமலை என்பது அதன் பொருள். பத்துமலையில் மரப்படிகள் அமைந்தது 1920ஆம் ஆண்டிலும், கற்காரைப் படிகள் அமைந்தது 1940ஆம் ஆண்டிலும் என்பர். ஆகவே, நம் படத்தில் மரப்படிகள் இடம்பெற வேண்டும், சிலை இடம்பெறலாகாது. இவ்விரண்டிலும் நாம் விழிப்பாகவே இருந்தோம்.

ஆயினும் ஒளியில் தவறினோம். காலை 8 மணி எனக் கணினிக்குத் தந்தபோது அது இன்றைய மலேசிய நேரத்தைக் கொண்டு கணக்கிட்டது. இன்றைய நேரம் உலகப் பொது நேரத்தினும் 8 மணி முந்தியது. இவ்வொழுங்கு தீபகற்பத்தில் 1982ஆம் ஆண்டு தொடங்கியது. 1930இல் இங்கு வழங்கியது 7 மணி முந்திய நேரம். எனவே, அன்றைய காலை 8 மணி இன்றைய 9 மணிக்கு ஒப்பாகும். சனவரி இறுதியில் இன்றைய 8 மணிக்குச் சூரியன் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 7 பாகையிலும், 9 மணிக்கு ஏறத்தாழ 21 பாகையிலும் இருக்கும். 1.6 மீட்டர் உயரமுள்ளவரின் நிழல் முன்னதில் 13 மீட்டரும், பின்னதில் 4 மீட்டருமாக விழும். நாம் நீண்ட நிழல்களின் அழகில் மயங்கி அவற்றின்மேலேயே பல நாள் வண்ணம் தீட்டினோம். காட்சியாக்கத்தைத் திருத்தியபோது மேல்வண்ணத்தில் பெரும்பகுதி பயனற்றுப் போயிற்று. அடிப்படைக் கணக்கு உறுதிப்படும் முன்னர்த் தூரிகையை எடுத்தலாகாது எனும் பாடத்தை அன்று பெற்றோம்.

அதனினும் பெரிய பாடம் பின்னர் வந்தது. முடித்த படத்தைக் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவரிடம் காட்டினோம். அவர் அதனை நெடுநேரம் நோக்கினார். பின்னர், மரப்படியின் இருபுறமும் இருந்த கைப்பிடிக் கம்பைச் சுட்டி, "இஃது அன்று இருந்ததா? மாணவர் கேட்டால் நான் என்ன சொல்வது?" என வினவினார்.

எம்மிடம் விடை இல்லை. அக்கம்பு பழைய ஒளிப்படம் ஒன்றிலிருந்து வந்ததா, உருமாதிரியின் ஒரு பகுதியா, வெறுமையை நிரப்ப நாமே தீட்டியதா என்பது எமக்கே நினைவில்லை. கோப்பைத் திறந்து நோக்கலாம் எனின், இடம் மிச்சப்படுத்தும் நோக்கில் அடுக்குகள் யாவற்றையும் ஒன்றாக்கிச் சேமித்திருந்தோம். பாறை, படி, கம்பு, மாந்தர் அனைத்தும் ஒரே தட்டையான பரப்பாகிவிட்டன. சான்றுடையதும் கற்பனையும் ஒரே வண்ணத்தில், ஒரே உறுதியுடன் நின்றன. நாம் குறைகூறிய பயிற்றுப்படத்திற்கும் நம் படத்திற்கும் அளவில் வேறுபாடு உண்டு. வகையில் வேறுபாடு இல்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

சுவரும் கோப்பும்

இவ்வுணர்வு தஞ்சைப் பெரிய கோயிலை நினைவூட்டுகிறது. கருவறையைச் சுற்றிய உள்வழியின் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தார் பழைய ஓவியத்தின்மேல் புதிய சுதை பூசித் தம் ஓவியத்தைத் தீட்டியிருந்தனர். மேலதை நீக்காமல் கீழதைக் காண இயலாது. இந்தியத் தொல்லியல் துறை அரிதின் முயன்று, பல இடங்களில் மேலடுக்கைச் சிதையாது பெயர்த்தெடுத்துக் கீழுள்ளதை வெளிப்படுத்தியது. சுவரில் இது பெருமுயற்சி. அடுக்குகளைக் காத்து வைத்த கோப்பில் இது ஒரு சொடுக்கு. அடுக்குகளை ஒன்றாக்கும் ஓவியர் கோப்பை மீண்டும் சுவராக்குகிறார்.

பழுதுபார்க்கும் கலையில் இச்சிக்கலுக்கு நெடுநாள் முன்னரே ஒரு தீர்வு காணப்பட்டது. 1940களில் உரோமாபுரியின் நடுவண் பழுதுபார்ப்பு நிறுவனத்தில் செசாரே பிராந்தியும் அவரைச் சார்ந்தோரும், சிதைந்த ஓவியத்தின் இழந்த பகுதியை நுண்ணிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறையை வகுத்தனர். தொலைவில் நின்று நோக்குவோர்க்கு ஓவியம் முழுமையாகத் தோன்றும். அருகில் நோக்குவோர்க்குப் பிற்காலத்தார் தீட்டிய பகுதி எதுவெனத் தெரியும். காண்போர் இன்பமும் காணப்படுவதன் உண்மையும் ஒருங்கே காக்கப்படுகின்றன.

கணினிவழி மரபுக் காட்சிகளுக்கும் இத்தகைய நெறி உண்டு. 2009ஆம் ஆண்டில் திருத்திய வடிவில் வெளியான இலண்டன் பட்டயம், ஒரு காட்சியில் சான்று எது, ஊகம் எது என்பது காண்போர்க்கு விளங்க வேண்டும் என்றும், ஆக்கத்தின்போது எடுத்த முடிவுகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. இந்நெறி பாடநூல் ஓவியர்க்கும் பொருந்தும் என்பது எம் கருத்து.

இதனை நடைமுறைப்படுத்த அடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தல் போதும். முதல் தொகுதி சான்றுடையது. நாளறிந்த ஒளிப்படம், அளவை, எழுத்துப் பதிவு ஆகியவற்றிலிருந்து பெற்றவை இதில் அடங்கும். இரண்டாவது கணித்தது. சூரியனின் நிலை, நிழல், தொலைவு, அளவு விகிதம் முதலியன இதன்பாற்படும். மூன்றாவது புனைந்தது. கூட்டத்தில் நிற்போரின் முகம், ஆடையின் நிறம், வானத்து முகில், வெறுமையை நிரப்பும் மரம் போல்வன இதில் சேரும். ஒவ்வோர் அடுக்கின் பெயரிலும் மூலமும் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும். அச்சுக்கு அனுப்பும் தட்டையான படம் ஒரு படியே. அடுக்குடைய கோப்பே மூலம். புனைந்த தொகுதியை மறைத்துப் பார்க்கும்போது படத்தில் எஞ்சுவது எவ்வளவு என்பதே அப்படத்தின் நம்பகத்தின் அளவுகோல்.

இம்முறையில் நம் படத்தை மீண்டும் அமைத்தபோது, கைப்பிடிக் கம்பு மூன்றாம் தொகுதியில் சேர்ந்தது. பின்னர் அதனை நீக்கிவிட்டோம். அவ்விடத்தில் மூடுபனி சற்றே அடர்ந்தது. படம் அழகில் குறையவில்லை.

வகுப்பறைப் பயன்

அடுக்குடைய கோப்பு ஆசிரியர்க்குப் பிறிதொரு வாய்ப்பையும் தருகிறது. பத்துமலையின் வரலாறே அடுக்குகளாக அமைந்தது. படிகளற்ற 1891, மரப்படிகளின் 1920, கற்காரைப் படிகளின் 1940, சிலை நின்ற 2006, வண்ணம் பெற்ற 2018 எனும் ஐந்து நிலைகளையும் ஒரே பார்வைக் கோணத்தில் ஐந்து தொகுதிகளாக வைத்தால், ஆசிரியர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டலாம். மலை மாறாது நிற்க, மாந்தர் செய்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதை மாணவர் கண்ணால் காண்பர். காலவரிசை எனும் கருத்தைக் கற்பிக்க இதனினும் எளிய வழி அரிது.

இவ்வடுக்குகளைச் சார்ந்து மொழிப்பயிற்சியும் அமைக்கலாம். சான்றுடைய பகுதியைப் பற்றி எழுதும்போது "இருந்தது" எனவும், கணித்ததைப் பற்றி எழுதும்போது "இருந்திருக்க வேண்டும்" எனவும், புனைந்ததைப் பற்றி எழுதும்போது "இருந்திருக்கலாம்" எனவும் மாணவர் எழுதப் பழகலாம். வினைமுற்றின் இவ்வேறுபாடு இலக்கண வகுப்பில் விதியாகத் தோன்றும். படத்தின் முன் அது பொறுப்பாகத் தோன்றும்.

படத்தைத் தெரிவு செய்யும் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இப்படம் எந்த ஆண்டைக் காட்டுகிறது? அவ்வாண்டிற்குப் பிற்பட்டது ஏதேனும் இதில் உள்ளதா? ஒளி எல்லாப் பொருள்மீதும் ஒரே திசையிலிருந்து விழுகிறதா? மூன்றாவது வினா, வெவ்வேறு படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பகுதிகளைக் காட்டிக் கொடுக்கும்.

2022ஆம் ஆண்டிற்குப் பின்னர், சில சொற்களைத் தந்தால் முழுப் படத்தையும் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியுள்ளன. அவை பொதுவாகத் தருவது தட்டையான ஒரே பரப்பு. எந்தக் கோடு எந்தச் சான்றிலிருந்து வந்தது எனும் பதிவு அப்பரப்பில் இல்லை. இக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்பதன்று எம் கருத்து. அவற்றிலிருந்து பெறுவதைப் புனைந்த தொகுதியில் மட்டும் வைத்தல் வேண்டும். சான்றின் இடத்தில் வைத்தலாகாது.

முடிவுரை

கணினி கணக்கிட்டுத் தரும் படம் முழுமையன்று. உயரத் தரவு குகையை அறியாது என்பதே இதற்குப் போதிய சான்று. ஓவியரின் கை அதனை நிறைவு செய்கிறது. ஆனால், அந்தக் கை தொட்ட இடம் எது என்பது மறைந்துவிட்டால், நிறைவு செய்யப்பட்ட படம் மாணவர்முன் பொய்ச்சான்றாக நிற்கவும் கூடும். புனையா ஓவியத்தையும் புனைந்த ஓவியத்தையும் இருவேறு நிலைகளாக அறிந்து பெயரிட்ட மொழி நம்முடையது. அவ்வேறுபாட்டைக் கணினிக் கோப்பிலும் காத்தல் நம் கடமையாகும்.

தைப்பூசத்தை முன்னிட்டு, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித்தேர் பத்துமலைக்குப் புறப்படுகிறது. தேரின் பின்னே நடக்கும் சிறுவர்க்குப் பொற்சிலையும் வண்ணப் படிகளும் என்றும் இருந்தனவாகவே தோன்றும். அவை எப்போது வந்தன, அவற்றிற்கு முன் என்ன இருந்தது என்பதை அவர்கட்குக் காட்டும் படத்தை நாம் ஆக்க வேண்டும். அப்படத்தைப் பார்த்து ஒரு மாணவர் "இஃது அன்று இருந்ததா?" என வினவினால், அடுக்கைத் திறந்து விடை சொல்லும் நிலையில் ஆசிரியர் இருத்தல் வேண்டும்.